சொந்தமில்லாத நீதிபதி

சங்குத் தீவில் ஏழு வருஷமாக ஒரு வழக்குகூடத் தீரவில்லை. கோளாறு நீதி இலாகாவில். செய்தவன் அரசன்.

அந்தக் காலத்தில் தீவை ஆண்டவன் திரைமாறன் என்ற ராஜா. தீவு சின்னது. காலையில் கிளம்பிச் சுற்றி வந்தால் வடித்த சோறு ஆறாது. ஒரு தடவை கடல் தாண்டிப் பெரிய ராஜ்ஜியத்துக்குப் போனான். வழக்காடுகிறவர்களுக்கு நீதிபதி சொந்தமாக இருக்கக் கூடாது என்று அங்கே ஒரு விதி. பிடித்துப்போயிற்று. திரும்பியதும் அதைக் கல்லில் வெட்டி நட்டுவிட்டான்.

தீவில் மொத்தம் முந்நூறு பேர். எல்லாரும் மாமன் மச்சான். யார் வழக்கை யார் விசாரிப்பது? நீதி மந்திரி கயல்நம்பி தினமும் வருவார். கதவைத் திறப்பார். கொட்டாவி விடுவார். பூட்டுவார்.

இதில் கொழுத்தவன் சேனாதிபதி கொற்றங்கோ. ராணியின் தம்பி. சேனையில் ஒன்பது பேர். கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொள்வான். கேட்டால், "வழக்குப் போடேன்" என்று சிரிப்பான்.

தோணிப் போட்டியில் நாகாத்தா என்கிற தோணிக்காரி அவனை மூன்று வருஷம் முந்திவிட்டாள். வயிற்றெரிச்சல். அவள் தோணியையே எடுத்துக்கொண்டான். சாளை மீன் வர மூன்று நாள்தான் இருந்தது. அந்த மீனைக் கருவாடு போட்டால்தான் அவளுக்கு வருஷச் சாப்பாடு. நேரே அரசவைக்கு வந்தாள்.

"மாப்பிள்ளை, என் தோணி."

"என்னுடையது," என்றான் கொற்றங்கோ.

ராஜா நெற்றியைத் தேய்த்தான். "அத்தை, நான் என்ன செய்ய? நீங்கள் ராணிக்குச் சித்தி. இவன் என் மச்சான். நம்ம நீதி மந்திரியோ..."

"அவளுக்கு அண்ணன், இவனுக்குத் தாய்மாமன்," என்றார் கயல்நம்பி, கொட்டாவிக்கு நடுவில்.

"சொந்தமில்லாத ஆளைக் காட்டினால்?" என்றாள் நாகாத்தா.

"இந்தத் தீவிலா? காட்டுங்கள் பார்ப்போம்!"

நாகாத்தா அரண்மனைத் தோட்டத்தைக் காட்டினாள். உடைந்த கப்பலிலிருந்து கரையொதுங்கிய ஒட்டகம் ஒன்று அங்கே அசைபோட்டுக்கொண்டு நின்றது.

"அதுக்கு இங்கே அத்தையா, மாமாவா? யாரைப் பார்த்துத் தலை குனியுதோ அவருக்குத் தோணி. மூன்று நாள் தவணை கொடுங்க மாப்பிள்ளை."

ராஜா துள்ளிக் குதித்தான். கையோடு ஒட்டகத்துக்குப் பட்டுப் போர்த்தி, நீதிபதி என்று முத்திரையும் வைத்துவிட்டான்.

மூன்றாம் நாள் நீதிபதி உள்ளே வந்தார். அரைக்கண்ணால் எல்லாரையும் பார்த்தார். ஒருவரையும் மதிக்கவில்லை. "எனக்கே இந்த முகக்களை வந்ததில்லை," என்றார் கயல்நம்பி.

ஒட்டகம் நேரே கொற்றங்கோவிடம் போய்த் தலை குனிந்தது.

"பார்த்தீர்களா! தீர்ப்பு!" என்று கத்தினான்.

நீதிபதி முடிக்கவில்லை. அவன் தலைப்பாகையைக் கவ்வினார். ஓர் உதறு உதறினார். உள்ளேயிருந்து கருப்பட்டி பொலபொலவென்று அவன் மொட்டைத் தலையில் கொட்டி உருண்டது. ஒரு கட்டி ராஜாவின் காலடிக்கே வந்தது. எடுத்துக் கடித்தான்.

"நல்ல கருப்பட்டி. தலையில் ஏன் மச்சான்?"

"தலைவலிக்கு..."

"மூன்று நாளும் விடிஞ்சதும் கருப்பட்டியோட தோட்டத்துக்கு ஓடினியே, அதுவும் தலைவலிக்கா?" என்றாள் நாகாத்தா.

கயல்நம்பி எகிறி எழுந்தார். "நீதிபதிக்கு லஞ்சம்! கொடுத்தவனுக்கு வழக்குத் தோல்வி! சட்டம் முழுக்க மனப்பாடம் எனக்கு. ஏழு வருஷமாக வேறென்ன வேலை?"

ராஜா நாகாத்தாவைப் பார்த்தான். "அத்தை, இவன் லஞ்சம் கொடுக்காமல் இருந்திருந்தால்?"

"இவனா? எட்டு வயசிலேயே கோயில் தேங்காயைத் திருடி, பூசாரிக்குப் பாதி கொடுத்துத் தப்பிச்ச பயல். என் அக்கா மகனை எனக்குத் தெரியாதா? ஒட்டகத்துக்கு அது தெரியாது மாப்பிள்ளை. சொந்தக்காரிக்குத்தான் தெரியும்."

 ராஜா அந்தக் கல்லைப் பிடுங்கச் சொன்னான். இனி இரண்டு பக்கத்துக்கும் சொந்தமானவரே விசாரிக்கலாம், ஆனால் ஊர் முன்னால் விசாரிக்க வேண்டும் என்றான். கொற்றங்கோவுக்குத் தண்டனை, அந்த மொட்டைத் தலையில் சித்தியின் மீன்கூடையைச் சுமப்பது. வருஷம் முழுக்க.

"அத்தை, நீதி இலாகாவில் ஒரு பதவி தரட்டுமா?"

"சாளை வந்துட்டுது. வழி விடுங்க," என்று போய்விட்டாள்.

மறுநாள் கயல்நம்பி வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். கொட்டாவி விட நேரமில்லை. ராஜா புதுக் கல் நட்டு, அதில் தன் பெயரை வெட்டிக்கொண்டான். அதை நம்பாதீர்கள். சரிசெய்தவள் தோணிக்காரி நாகாத்தா.