சேறடைத்த மணி

ஓடைக்காட்டில் கட்டாரி என்று ஒரு வேட்டை நாய் இருந்தது. அதற்கு மூக்கு பெரிது. அந்த மூக்கைப் பற்றி அதற்கிருந்த நினைப்பு அதைவிடப் பெரிது.

கட்டாரியின் கழுத்தில் ஒரு வெண்கல மணி தொங்கியது. சும்மா கிடைத்த மணி அல்ல. அம்பு பட்டு ஓடிய ஏழு விலங்குகளை ஒன்றுகூட விடாமல் தேடிப் பிடித்ததற்காகக் குடியிருப்பே கூடி நின்று கட்டிவிட்ட மணி. கட்டாரி நடந்தால் அது கிணுகிணுவென்று ஆடும். மயில்கள் வழிவிடும். கீரி ஓரமாக ஒதுங்கும். குரங்குகள் கிளையிலிருந்து எட்டிப் பார்க்கும். உடனே கட்டாரியின் வால் இன்னும் ஒரு விரற்கடை மேலே போகும். போகட்டுமே, உழைத்துச் சம்பாதித்த பெருமைதானே!

ஆனால் அந்தக் குடியிருப்பில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அம்பு பட்ட விலங்கை வலியோடு காட்டில் விட்டுவிட்டு யாரும் வீடு திரும்பக் கூடாது. திரும்பினால் எய்தவன் வில்லின் நாணைக் கழற்றிவிடுவார்கள். அடுத்த மழைக்காலம் வரை அவன் வேட்டைக்குப் போக முடியாது. தேடப் போன நாயின் மணியையும் அவிழ்த்து நடுவில் நிற்கும் கம்பத்தில் மாட்டிவிடுவார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு போவார்கள். புலிக்குக்கூடப் பயப்படாத கட்டாரி அந்தக் கம்பத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போகும்.

ஒரு நாள் காலையில் கட்டாரியின் எஜமான் பேச்சிமுத்து மருதமரத்துப் பரணில் வில்லோடு உட்கார்ந்திருந்தான். கட்டாரி கீழே புதருக்குள் படுத்திருந்தது. கிளைக் கொம்புள்ள ஒரு புள்ளிமான் மெல்ல மேய்ந்துகொண்டு வந்தது. பேச்சிமுத்து குறி தவறுகிறவன் அல்ல. ஆனால் மான் நின்று விலாவைக் காட்டும்வரை அன்று அவனுக்குப் பொறுமை இல்லை. அது நடந்துகொண்டிருக்கும்போதே நாணை விட்டுவிட்டான். நெஞ்சுக்குப் போக வேண்டிய அம்பு வயிற்றுக்குப் போயிற்று. மான் முதுகைக் கூனிக்கொண்டு ஒரு துள்ளு துள்ளி மேற்கே ஓடி மறைந்தது.

பேச்சிமுத்து இறங்கி வந்தான். மானைத் துளைத்துக்கொண்டு போன அம்பு புல்லில் கிடந்தது. அதை எடுத்து மோந்து பார்த்தான். ரத்தத்தோடு பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. புளித்த நாற்றம் அடித்தது. அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"ஏலே கட்டாரி, தப்பு என் மேலதாம்லே," என்றான். "கை அவசரப்பட்டுட்டு. வயித்துல பட்டிருக்கு."

வயிற்றில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று கட்டாரிக்கும் தெரியும். அப்படி அடிபட்ட மான் கொஞ்ச தூரம் போய்ப் படுத்துக்கொள்ளும். யாரும் கிட்டே போகாவிட்டால் படுத்த இடத்திலேயே அதன் கண் மூடிவிடும். எழுப்பிவிட்டால் சாயங்காலம் வரை ஓடும். வலியும் அதுவரை கூடவே ஓடும். அதனால் மரத்தின் நிழல் மூன்று முழம் நகரும்வரை ஆளும் நாயும் உட்கார்ந்திருப்பது வழக்கம். பிறகு தேடிப் போகும்போதும் சத்தம் கூடாது. நாயின் மணிக்குள் இலையைத் திணித்துவிடுவார்கள்.

பேச்சிமுத்துவும் ஆவாரை இலையைக் கசக்கி மணிக்குள் திணித்தான். நிழலிலிருந்து மூன்று முழம் அளந்து ஒரு கல்லை வைத்தான். மேற்கே ஓடை இருக்கிறது, அதைத் தாண்டினால் அடுத்த ஊர்க்காரர்களின் காடு, அங்கே வில்லோடு கால் வைக்க நமக்கு உரிமை இல்லை, ஆகையால் மானை அந்தப் பக்கம் விரட்டிவிடாதே என்று கட்டாரிக்கு எடுத்துச் சொன்னான். பிறகு சுரைக்குடுக்கையை எடுத்துக்கொண்டு, பாறைக்குப் பின்னால் இருந்த ஊற்றில் தண்ணீர் எடுக்கப் போனான்.

இதையெல்லாம் ஒரு நரி புதருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. அது ஓடைக்கு அந்தப் பக்கத்து நரி. இரண்டு நாளாக வயிறு காய்ந்து கிடந்தது. மான் ஓடையைத் தாண்டினால் வில் தாண்டாது, வில் தாண்டாவிட்டால் மான் எனக்குத்தான் என்று அது கணக்குப் போட்டது. மானைத் தானே விரட்டலாம் என்றால் கொம்பு பயமாக இருந்தது. வேறு ஆளை வைத்து விரட்டினால் என்ன?

நரி வாலை ஆட்டிக்கொண்டு வந்து கட்டாரியின் முன்னால் நின்றது.

"யாரு, அண்ணாச்சியா? அடையாளமே தெரியலையே! சத்தம் இல்லாமக் கெடக்கவும் ஏதோ ஆட்டுக்கிடை நாயின்னுல்லா நெனைச்சேன்," என்றது.

கட்டாரிக்குச் சுருக்கென்றது. வழக்கத்தைச் சொல்லி, நிழல் நகரும்வரை மணி பேசாது என்று உறுமியது. நரி பெருமூச்சு விட்டது. வழக்கமெல்லாம் மூக்குச் செத்த நாய்களுக்குத்தான் என்றது. ஏழு விலங்கைத் தேடிப் பிடித்தவருக்கும் அதே இலையா என்று கேட்டது. காடே மணிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது என்று அளந்து விட்டது.

"நான் முன்னால போறேன். மணி கேட்டுதுன்னா, வர்றது கட்டாரி அண்ணாச்சின்னு எல்லாத்துக்கும் சொல்லிருதேன். கேக்கலைன்னா, வேற ஏதோ நாயின்னு சொல்லிருதேன்," என்று சொல்லிவிட்டு நரி போயிற்று.

வேறு ஏதோ நாயா? கட்டாரியால் அதைத் தாங்க முடியவில்லை. கல்லைப் பார்த்தது. நிழல் இன்னும் ஒரு சாண்கூட நகரவில்லை. பாறைப் பக்கம் பார்த்தது. பேச்சிமுத்து இன்னும் வரவில்லை. அது தலையை ஓர் உதறு உதறியது. இலையெல்லாம் கீழே விழுந்தது. கிணுகிணுவென்று மணி ஆட, கட்டாரி மேற்கே பாய்ந்தது.

மூக்கு மூக்குதான், அதில் குறை சொல்ல முடியாது. ரத்தம் சொட்டாத இடத்தில்கூடக் கட்டாரி தயங்கவில்லை. மிதிபட்ட புல், இலையில் ஈரம், கல்லில் ஒரு மயிர் என்று ஒன்றையும் விடாமல் போய் ஒரு புங்கமரத்தடியை அடைந்தது. அங்கே புல் அமுங்கிக் கிடந்தது. மானைத்தான் காணவில்லை.

கட்டாரி தொடர்ந்து ஓடியது. ஒரு மூங்கில் புதருக்குள் அதே போல அமுங்கிய புல், ரத்தம், வெறும் இடம். அடுத்து ஒரு பாறை மறைவு. அங்கேயும் மான் இல்லை. ஆனால் அது படுத்திருந்த மண் இன்னும் சூடாக இருந்தது.

கட்டாரி நின்றது. சூடு ஆறவில்லை என்றால் மான் இப்போதுதான் எழுந்து போயிருக்கிறது. ஏன் எழுந்தது? காற்று மான் இருந்த பக்கத்திலிருந்து தன் பக்கம் வீசுகிறது. ஆகவே தன் வாடை அதற்குப் போயிருக்காது. புதர் அடர்த்தியாக இருக்கிறது. ஆகவே கண்ணால் பார்த்திருக்காது. கட்டாரி யோசித்துக்கொண்டே தலையைச் சாய்த்தது.

கிணுக் என்றது மணி.

மானை எழுப்பிவிட்டது இந்தச் சத்தம்தான் என்று கட்டாரிக்குப் புரிந்தது. மேற்கே பார்த்தது. மரங்களுக்கு இடையில் ஓடை மின்னியது. அந்தக் கரையில் மணலில் நரி உட்கார்ந்து நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தது. மானைத் தேடி வந்ததாக நினைத்த கட்டாரி, இவ்வளவு நேரமும் நரிக்காக மான் ஓட்டிக்கொண்டு வந்திருந்தது!

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்க அப்போது நேரம் இல்லை. மான் இந்தக் கரையில்தான் எங்கோ மறுபடியும் படுத்திருக்க வேண்டும். இன்னொரு தடவை எழுந்தால் ஓடைக்குள்தான் இறங்கும். கட்டாரி ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. பாறைக்கடியில் கசிந்து கிடந்த சேற்றில் கழுத்தை அழுத்தித் தேய்த்தது. வெண்கலமும் மினுமினுப்பும் மறையும்வரை தேய்த்தது. தலையை ஆட்டிப் பார்த்தது. மணி பேசவில்லை.

பிறகு அது செய்ததுதான் அதன் வாழ்நாளிலேயே பெரிய வேலை. சும்மா படுத்துக்கொண்டது.

மான் வாடை மூக்கில் ஏறி அழைத்தது. கால்கள் தாமாகத் துடித்தன. ஈ வந்து காதில் கடித்தது. கட்டாரி அசையவில்லை. அந்தக் கரையில் நரிக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணாச்சி! இருக்கீகளா? ஒரு தடவை மணியை ஆட்டுங்க. காடே கேட்டுக்கிட்டிருக்கு!" என்று கூப்பிட்டது.

நீங்கள் இவ்வளவுதானா, ஏழு விலங்கு என்றதெல்லாம் வெறும் கதைதானா என்று நரி வாய்க்கு வந்தபடி பேசியது. ஏழு பேர் வந்து பிடித்து இழுத்தாலும் அடங்காத கட்டாரி, அத்தனையையும் கேட்டுக்கொண்டு தாடையைத் தரையில் பதித்துக் கிடந்தது.

மருதமரத்தடியில் நிழல் கல்லைத் தொடும்வரை காத்திருந்துவிட்டு, ரத்தத்தையும் நாய்த் தடத்தையும் பார்த்துக்கொண்டே பேச்சிமுத்து வந்து சேர்ந்தான். வழியில் மூன்று இடத்திலும் புல் அமுங்கிக் கிடந்ததை அவனும் பார்த்திருந்தான். என்ன நடந்தது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. திட்ட வாயைத் திறந்தவன் சேறடைத்த மணியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். கட்டாரியின் பக்கத்திலேயே உட்கார்ந்து அவனும் காத்திருந்தான். நேரம் ஆனதும் இருவரும் எழுந்து, சருகு நொறுங்காமல் நடந்தார்கள்.

ஓடைக்கு நாலடி இருக்கும். நாணல் ஓரத்தில் மான் படுத்திருந்தது. தலையைத் தூக்க அதற்குப் பலம் இல்லை. கண் மட்டும் திறந்திருந்தது.

"மணி கட்டின நாய் நீதானா?" என்று அது கட்டாரியைக் கேட்டது. "மூணு தடவை படுத்தேன். மூணு தடவையும் நீ வந்து எழுப்பிட்ட. பேசாம விட்டிருந்தா, என் வலி அந்தப் புங்கமரத்தடியிலேயே தீர்ந்திருக்கும்."

கட்டாரி தலையைக் குனிந்தது. அதுவரை எந்த விலங்கின் முன்னாலும் குனியாத தலை. பேச்சிமுத்து மானின் நெற்றியைத் தொட்டு மன்னிப்புக் கேட்டான். பிறகு அதற்கு மேல் அதை நோகவிடாமல் வேலையை முடித்தான். அந்தக் கரையில் நரி எழுந்து, வெறும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

குடியிருப்பில் எல்லாரும் கூடிவிட்டார்கள். எட்டாவது விலங்கு என்று பிள்ளைகள் குதித்தார்கள். குடியிருப்புக்குத் தலைவி மாடத்தி. அவள் கட்டாரியைத் தட்டிக்கொடுக்க வந்தவள், மணியைப் பார்த்து நின்றாள். இவ்வளவு சேறு எப்படி வந்தது என்று கேட்டாள். பேச்சிமுத்து முந்திக்கொண்டு, தான் அவசரப்பட்டு எய்ததைச் சொன்னான். நாயைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டான்.

கட்டாரி கம்பத்தைப் பார்த்தது. சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அது முன்னால் வந்து நின்றது.

"இலையை நான்தான் உதறினேன்," என்றது. "என் பேரு காட்டுக்குக் கேக்கணும்னு உதறினேன். மான் மூணு தடவை எந்திரிச்சு ஓடுனது என்னாலதான். மணியைக் கழத்தணும்னா கழத்திருங்க."

மாடத்தி கட்டாரியின் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள்.

"தப்புப் பண்ணிட்டு, மானை விட்டுட்டுத் திரும்பி வந்திருந்தா கழத்தியிருப்பேன்," என்றாள். "நீ தப்பைக் கண்டுபிடிச்சு, அங்கேயே கெடந்து, முடிச்சுட்டுல்லா வந்திருக்க. மணி உனக்குத்தாம்லே."

அவள் ஒரு குச்சியை எடுத்து மணிக்குள் இருந்த சேற்றைச் சுரண்டப் போனாள். கட்டாரி கழுத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டது. அவள் மறுபடியும் கையை நீட்டினாள். அது மறுபடியும் இழுத்துக்கொண்டது. மாடத்திக்குப் புரிந்தது. குச்சியைக் கீழே போட்டாள்.

சேறு வெயிலில் காய்ந்து கல்லாக இறுகியது. அதற்குப் பிறகு கட்டாரி எத்தனையோ விலங்குகளைத் தேடிப் பிடித்தது. படுத்த எந்த மானும் மறுபடி எழுந்து ஓடவில்லை. மயில்களுக்கு அது வருவது தெரிவதில்லை. கீரியும் ஒதுங்குவதில்லை. பேசாத மணியை எதற்கு மாட்டிக்கொண்டு திரிகிறாய் என்று குரங்குகள் கேலி செய்தன. கட்டாரி அதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை. வாலை மட்டும் இன்னும் ஒரு விரற்கடை உயர்த்திக்கொண்டு போகும்.

வேலை முடியும் முன்னே பெருமை சத்தம் போட்டால், கைக்கு எட்டியதுகூட எழுந்து ஓடிவிடும்.