அடிவளைவில் போட்ட ஓட்டை

குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபத்தொன்று. வழக்கமாக இது தலைகீழாக இருக்கும். என்ன செய்வது, இங்கே இப்படித்தான் அமைந்தது.

குருவின் பெயர் எஸ்தர். சூலூர் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் கார் மெக்கானிக். ஒரு காலத்தில் பந்தயக் கார்களுக்கு இன்ஜின் தயார் செய்து கொடுத்தவர். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், தங்கள் காரைத் தாங்களே கழற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அப்படி ஆசைப்படுகிறவர்கள் கோயமுத்தூரில் நிறையப் பேர் உண்டு. விடாமல் வருகிறவர் ஒருவர்தான்.

அவர் மயில்சாமி. ஒரு பம்பு கம்பெனியில் கசிவு சோதிக்கும் வேலைக்குச் சேர்ந்து, அதே வேலையில் ஓய்வு பெற்றவர். பம்பின் வாய்களையெல்லாம் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்ப்பார். ஒரு குமிழி வந்தாலும் அந்தப் பம்பு திரும்பிப் போகும். மேனேஜரே வந்து கெஞ்சினாலும் போகும். மயில்சாமி பார்த்து அனுப்பியது ஒழுகாது என்று கம்பெனியில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு அவர் காதிலும் விழுந்திருந்தது.

மனைவி சிவகாமி இறந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. கார் சிவகாமியுடையது. ஐம்பது வயதுக்கு மேல் பிடிவாதமாக ஓட்டக் கற்றுக்கொண்டு அவள் வாங்கிய சின்னக் கார். மயில்சாமி இடது பக்க சீட்டில் உட்கார்ந்து வருவதோடு சரி. அவள் போன பிறகு வண்டியை விற்றுவிடச் சொல்லி எல்லோரும் யோசனை சொன்னார்கள். மயில்சாமி டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்டார்.

“ஏனுங் அம்மணி, இந்த வண்டி மேடு ஏறையில மூச்சு வாங்குதுங்க. ராம் ஏர்னு ஒண்ணு வெச்சா நல்லா ஏறுமுன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?”

ராம் ஏர் என்பது பெரிய மந்திரமில்லை. ஓடுகிற வண்டியின் முகத்தில் வந்து மோதும் காற்றை, ஒரு குழாய் வைத்துப் பிடித்து, நேராக இன்ஜினுக்கு அனுப்புகிற ஏற்பாடு. பந்தயக்காரர்கள் செய்வார்கள். கிருத்திகைக்குக் கோயிலுக்குப் போகிறவர்கள் செய்ய மாட்டார்கள்.

எஸ்தர் வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பானெட்டைத் திறந்தார்.

“குனிஞ்சு நல்லா மூச்சு இழுங்ணா.”

மயில்சாமி குனிந்து இழுத்தார். முகம் வெந்து, இருமல் வந்தது.

“இப்ப அந்த வாசல்ல போய் நின்னு இழுங்க.”

போய் நின்றார். காலைக் காற்று ஜில்லென்று உள்ளே போயிற்று.

“எது சௌரியமா இருக்குது?”

“இதுதானுங்க.”

“வண்டிக்கும் அப்படித்தான். ஆனா ஒண்ணு. காத்து தானா வந்து உள்ள பாயோணும்னா வண்டி பறக்கோணும். மலை மேட்டுல எங்க பறக்கறது? கொஞ்சம் குளுந்த காத்து கெடைக்கும். அதுக்கு மேல பெருசா எதிர்பாக்காதீங்க.”

“கொஞ்சம் போதுமுங்க.”

“எதுக்குங்ணா இவ்வளவு மெனக்கெடறீங்க?”

“மலைக்கோயிலுக்கு ஏறையில ஏசியை நிறுத்தாம ஏறோணும். அவ்வளவுதானுங்க.”

எஸ்தருக்கு விளங்கவில்லை. மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

விஷயம் இதுதான். கிருத்திகை தவறாமல் சிவகாமி மலைக்கோயிலுக்கு வண்டி ஓட்டுவாள். அடிவாரம் தாண்டி மேடு ஆரம்பித்ததும், இன்ஜினுக்குப் பாரம் குறையட்டும் என்று ஏசியை நிறுத்திவிடுவாள். நெற்றியில் வியர்வை வழிய, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் சாய்ந்துகொள்வாள். “ஏனுங்க, நீங்களும் கொஞ்சம் முன்னால சாயுங்க. பாவம், ஏறமாட்டாம ஏறுது.” மயில்சாமி சிரிப்பார். நீ சாய்ந்தால் வண்டிக்குத் தெரியுமா என்பார். ஒருநாள் இதைச் சரிபண்ணித் தருகிறேன் என்றும் சொல்வார். சொல்லிக்கொண்டே இருந்தார். இதையெல்லாம் அவர் எஸ்தரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

வேலை ஆரம்பமாயிற்று. பம்பரின் வலைக்குப் பின்னால் குழாயின் வாய். அங்கிருந்து ஹெட்லைட்டுக்குக் கீழே இறங்கி, ஒரு வளைவு வளைந்து, பேட்டரிக்குப் பக்கத்தில் மேலேறி, ஏர் ஃபில்டர் பெட்டியில் போய்ச் சேர வேண்டும். வேறு ஒருவர் ஒரே நாளில் மாட்டிவிட்டுப் போயிருப்பார். மயில்சாமி ஞாயிறு ஞாயிறாக இழுத்தார். ஒவ்வொரு இணைப்பையும் பிரித்தார், தேய்த்தார், மறுபடி சேர்த்தார். உண்மையைச் சொன்னால், வேலை முடிந்துவிடுமே என்று அவருக்குக் கவலையாக இருந்தது. முடிந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கே போவது?

ஆனாலும் ஒருநாள் முடிந்தது. குழாயின் ஒரு வாயை அடைத்து, தண்ணீர் டிரம்மில் முக்கி, மறுவாயில் பலமாக ஊதினார். தண்ணீர் அசையவில்லை.

“ஒரு குமிழி இல்லீங்க அம்மணி!” அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை எஸ்தர் அதுவரை பார்த்ததில்லை.

எஸ்தர் குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அருமையா செஞ்சிருக்கீங்ணா,” என்றார். பிறகு அதைப் பலகையில் வைத்து, டிரில்லை எடுத்து, வளைவின் அடியில் ஓர் ஓட்டை போட்டார்.

மயில்சாமி பாய்ந்து வந்து பலகையைப் பிடித்தார்.

“என்னங்க அம்மணி பண்றீங்க!”

“அடியில ஒரு ஓட்டை இருக்கோணுமுங்ணா.”

“எதுக்குங்க?”

“நம்ம ரோடு அப்படி.”

இவ்வளவுதான் சொன்னார். குருமார்களுக்கு இப்படிப் பாதியில் நிறுத்துகிற பழக்கம் உண்டு. முழுசாகச் சொல்லிவிட்டால் குறைந்து போய்விடுவார்களா என்று தெரியவில்லை. அன்றைக்கு எஸ்தர் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருந்தால், பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது.

மயில்சாமி வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தார். குழாய் மாட்டியாயிற்று என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. சமையலறையில் போய் நின்றார். ஊருக்கெல்லாம் கசிவு பார்த்தவர் வீட்டில், சமையலறைக் குழாய் வருஷக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்தது. சிவகாமி சொல்லிச் சொல்லி அலுத்து, அடியில் ஒரு சொம்பை வைத்துவிட்டாள். காரியம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் கிளம்பிப் போன அன்று, மயில்சாமி அதற்கு வாஷர் மாற்றினார். கிளம்பும்போது ஒரு சித்தப்பா அவர் தோளைத் தட்டி, “ஒரு சொட்டுக் கண்ணீர் விடலியே, மனுசன்னா நீதான்டா” என்று மெச்சிவிட்டுப் போயிருந்தார்.

வாஷர் மாற்றியதும் சொட்டுவது நின்றது. வீடு எவ்வளவு பெரியது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தச் சத்தத்தையாவது விட்டுவைத்திருக்கலாம்.

இப்போது அவருக்கு அந்த ஓட்டைதான் கண்ணுக்குள் நின்றது. வாழ்நாள் முழுக்க ஓர் ஓட்டையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தவரில்லை அவர். பிடித்த காற்று இப்படி வீணாகப் போகலாமா? பழைய பெட்டியைத் துழாவி ஒரு ரப்பர்த் துண்டை எடுத்தார். அளவாகச் சீவி, பசை தடவி, ஓட்டைக்குள் அழுத்தினார். விரலால் தடவிப் பார்த்தார். ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. குருவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டார்.

ஐப்பசிக் கிருத்திகை வந்தது. மத்தியானம் கிளம்பினார். அடிவாரம் தாண்டியும் ஏசியை நிறுத்தவில்லை. வண்டி முன்னைவிட நன்றாகத்தான் ஏறுகிற மாதிரி இருந்தது. ஏறியதோ, அவருக்கு அப்படித் தோன்றியதோ. “பாரு சிவகாமி,” என்று இடது பக்கம் திரும்பிச் சொன்னார். சீட்டில் பூக்கூடை இருந்தது.

இரண்டாவது வளைவில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையில்லை, மேட்டிலிருந்து தண்ணீர் ரோட்டின் முழு அகலத்துக்கும் இறங்கி வந்தது. வண்டி அதற்கு எதிராக, வாயைத் திறந்துகொண்டு, ஏறியது. அடுத்த வளைவுக்கு முன்னால் இன்ஜின் இரண்டு முறை திக்கியது. பிறகு நின்றுவிட்டது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு எஸ்தருக்குப் போன் செய்தார்.

“அம்மணி, வண்டி நின்னுபோச்சுங்க. ஒரே மழை.”

“சாவியைத் திருப்பினீங்களா?”

“இன்னும் இல்லீங்க.”

“திருப்பாதீங்க. தண்ணி உள்ள போயிருந்தா, திருப்பினா இன்ஜின் ஒடஞ்சிரும். ஒரு தடவைகூடத் திருப்பாதீங்ணா. நான் வர்றேன்.”

மயில்சாமி சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பூக்கூடையைப் பின்னால் வைத்துவிட்டு, நகர்ந்து இடது பக்க சீட்டில் உட்கார்ந்தார். பழைய இடம். ஸ்டீயரிங்குக்கு முன்னால் யாரும் இல்லை. கூரைமேல் மழை கொட்டியது. கோயில் பஸ் ஒன்று தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு கடந்து போனது. அவருக்குப் பயமாக இருந்தது. அவளுடைய சேலைகள் பீரோவில் இருக்கின்றன, கண்ணாடி மேசைமேல் இருக்கிறது. அவளுடையது என்று உயிரோடு ஓடுகிற சாமான் இது ஒன்றுதான். இதையும் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமா என்று நினைத்தார்.

எஸ்தர் பிக்கப் வண்டியில் வந்து சேர்ந்தபோது மழை தூறலாகிவிட்டது. இறங்கியதும் ஒரு சாக்கை ரோட்டில் விரித்துப் படுத்து, பம்பருக்கு அடியில் கையை விட்டார். கை ஓரிடத்தில் நின்றது.

“இது யாரு வேலை?”

“என்ற வேலைதானுங்க.” மயில்சாமி தலையைக் குனிந்துகொண்டார். “ஓட்டையோட விட மனசு வரலீங்க. காத்து வீணாப் போகுமேன்னு…”

“காத்து மட்டுந்தான் வருமுன்னு நெனச்சீங்களாக்கும்.”

கோபமாகச் சொல்லவில்லை. ஃபில்டர் பெட்டியைத் திறந்தார்; ஃபில்டர் பிழியாத துணி மாதிரி ஊறிக் கிடந்தது. குழாயைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டார். ஸ்பார்க் பிளக்குகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.

“இப்பத் திருப்புங்க.”

மயில்சாமி சாவியைத் திருப்பினார். பிளக் இருந்த துளைகளிலிருந்து தண்ணீர் பீறிட்டு எஸ்தரின் கைமேல் அடித்தது. எஸ்தர் தலையைச் சாய்த்து, இன்ஜின் சுற்றும் சத்தத்தைக் கேட்டார். இன்னொரு தரம் திருப்பச் சொல்லிக் கேட்டார். பிளக்குகளைத் துடைத்து மாட்டினார்.

“இப்ப.”

முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவதில் வண்டி உடம்பை ஓர் உலுக்கு உலுக்கிக்கொண்டு, ஓட ஆரம்பித்தது.

“பொழைச்சுக்கிச்சுங்ணா,” என்றார் எஸ்தர்.

மயில்சாமி இறங்கி வந்து நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

“முன்னால சாயுங்கன்னு சிவகாமி சொல்லுவாளுங்க அம்மணி,” என்றார். “வண்டி ஏறையில. நான் ஒரு நாளும் சாயலீங்க. சாஞ்சா என்னங்க கொறஞ்சிருப்பேன்?”

வண்டியின்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அழுதார். ஒரு வருஷமாக வராதது அத்தனையும் சேர்ந்து வந்தது. எஸ்தர் சாக்கில் மறுபடி படுத்து, ஸ்குரூடிரைவர் முனையால் ரப்பர் அடைப்பை நெம்பி எடுத்தார். குழாயில் தேங்கியிருந்த தண்ணீர் ஓட்டை வழியாக ரோட்டில் விழுந்து, சரிவில் ஓடியது.

மலைக்குப் போகிறவர்கள் சிலர் வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மயில்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

“இதை எப்படி நிறுத்தறதுன்னு தெரியலீங்க அம்மணி.”

எஸ்தர் எழுந்து வந்து, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். ரோட்டோரக் கல்லில் ஈரத்தைக் கையால் வழித்துவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் அவருக்கும் கொஞ்சம் இடம் விட்டார்.

“எதுக்குங்ணா நிறுத்தோணும்? சொட்டி முடியட்டும். அப்புறமா ஏறலாம். மலை எங்கயும் போயிராது.”