நாற்பத்தைந்தாவது ஓலை

சுபானு வருடம் மாசி ஒன்பதாம் நாள். ஏழு கப்பல்கள் வரவேண்டும், ஒன்றும் வரவில்லை. தாழைத்துறைப் பட்டினமே கடலைப் பார்த்து நின்றது. பார்க்காமல் நடந்தவர் அமைச்சர் பெருங்காரியார் ஒருவர்தான். அவருடைய ஒரே மகன் வெண்காடன் ஏழாவது கப்பலில் இருந்தான்.

அந்தக் காலத்தில் அந்தத் துறைமுகத்தை ஆண்டவன் இரணசிங்கன். காலையில் நல்ல ராஜா. மாலையில் எப்படி இருப்பான் என்று அவனுக்கே தெரியாது.

பட்டினத்து வியாபாரிகள், கப்பல் திரும்பும் முன்பே அதன் சரக்கில் பங்கு வாங்குவார்கள், விற்பார்கள். விலையை வாயால் பேசும் வழக்கமில்லை. இருவர் கைமேல் ஒரு துண்டைப் போட்டு, அடியில் விரல் பிடித்து முடிப்பார்கள். விலை அந்த இரண்டு கைகளுக்கு மட்டும் தெரியும். நல்ல நாளில் அது மரியாதை. கெட்ட நாளில், பக்கத்துத் துண்டுக்கடியில் என்ன நடக்கிறதென்று தெரியாதவன் ஆக மோசமானதையே நினைத்துக்கொள்வான்.

தையில் வரவேண்டிய கப்பல்கள் மாசியிலும் வராததால், நூறு பொன் பங்கு முப்பதுக்கு இறங்கியது. விற்று வந்த பொன்னுக்கெல்லாம் நெல் வாங்கிப் பூட்டினார்கள். அறுவடை முடிந்து களஞ்சியங்கள் நிறைந்திருந்த மாதத்தில் ஊர் பட்டினி கிடந்தது. நெசவாளர் தெருவில் இரண்டு குழந்தைகள் இறந்தன.

அரசன் சபையைக் கூட்டியது அதற்காக அல்ல. வெற்றிலைக்குப் பச்சைக் கற்பூரம் தீர்ந்துவிட்டது.

"ஓய் பெருங்காரி, மூன்று நாளாக வெறும் பாக்கை மெல்லுகிறேன். என்னய்யா நாடு இது?"

"கற்பூரமும் கப்பலில்தான் வரவேண்டும், மன்னா. நெல் மட்டும் ஊரிலேயே இருக்கிறது, பூட்டுக்குள்."

கருவூலத் தலைவர் விசயங்கொண்டார் முன்னால் வந்தார். அமைச்சர் முத்திரைமேல் அவருக்குப் பத்து வருடமாகக் கண். "பத்து வியாபாரிகளைக் கழுவேற்றினால் பதினோராவது ஆள் தானே திறப்பான், மன்னா."

"திறப்பான். உள்ளே நெல் இருக்காது" என்றார் பெருங்காரியார். "பயந்தவனைப் பயமுறுத்தினால் இன்னும் ஆழமாகப் புதைப்பான்."

"அமைச்சர் எப்போது வியாபாரிகளுக்கு வைத்தியரானார்?" என்றார் விசயங்கொண்டார்.

அரசனுக்குக் குஷி பிறந்தது. "நாளை உச்சிப்பொழுதுக்குள் களஞ்சியங்கள் திறக்க வேண்டும். திறந்தால் பெருங்காரி கேட்டதைத் தருவேன். இல்லையென்றால் முத்திரை விசயங்கொண்டாருக்கு. கழுமரமும் அவர் பொறுப்பு."

பெருங்காரியார் நேரே கடைத்தெருவுக்குப் போனார். மிளகு வியாபாரி சாத்தையச் செட்டியார் அங்கே எல்லோருக்கும் மூத்தவர்.

"செட்டியாரே, கப்பல்கள் மூழ்கிவிட்டனவா?"

"யார் சொன்னது? காற்று தாமதம். முப்பது வருடமாகப் பார்க்கிறேன்."

"பிறகு ஏன் பங்கை விற்றீர்?"

"எனக்குப் பயமில்லை ஐயா. மற்றவன் பயப்படுகிறான். அவன் விற்பதற்குள் நான் விற்க வேண்டாமா?"

அடுத்த கடையிலும் அதே பதில். அதற்கடுத்த கடையிலும் அதேதான்.

மறுநாள் காலை, ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடங்கள் இரண்டைச் சந்தை நடுவில் வைத்தார். அரசனும் வேடிக்கை பார்க்க வந்திருந்தான். வியாபாரிகள் நாற்பத்து நான்கு பேர். பெயரில்லாமல் ஆளுக்கு இரண்டு ஓலை எழுதவேண்டும். கப்பல்கள் மூழ்கினவா, உன் மனதில் உள்ளதை எழுது. அது முதல் குடத்துக்கு. மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள். அது இரண்டாம் குடத்துக்கு.

பிரித்துப் படித்தார்கள். முதல் குடத்தில் 'மூழ்கின' என்று ஆறு ஓலை. இரண்டாம் குடத்தில் நாற்பத்தொன்று.

சாத்தையச் செட்டியார்தான் கேட்டார்: "அப்படியானால் இத்தனை நாளாக யாரைப் பார்த்து ஓடினோம்?"

"ஒருவர் முதுகைப் பார்த்து ஒருவர்" என்றார் பெருங்காரியார்.

செட்டியார் இடுப்புச் சாவியை அவிழ்த்தார். உச்சிப்பொழுதுக்குள் ஒன்றுவிடாமல் எல்லாக் களஞ்சியமும் திறந்தது.

விசயங்கொண்டார் விடவில்லை. ஓலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். "மோசடி, மன்னா. ஆள் நாற்பத்து நான்கு. முதல் குடத்தில் ஓலை நாற்பத்தைந்து."

"கள்ள ஓலை யாருடையது?" என்றான் அரசன்.

"என்னுடையது" என்றார் அமைச்சர். குவியலிலிருந்து எடுத்துக் கொடுத்தார். 'மூழ்கின' என்று எழுதியிருந்தது.

விசயங்கொண்டார் சிரித்தார். "ஊருக்குத் தைரியம் சொல்ல வந்தவர் இவர்."

"மனதில் உள்ளதை எழுதச் சொன்னேன், நானும் எழுதினேன். பிள்ளையைக் கடலுக்கு அனுப்பியவன் வேறெதை எழுதுவான்? பயம் என் வீட்டில் இருக்கிறது, மன்னா. அதைச் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. ஏழாவது கப்பலில் எனக்கு இரண்டு பங்கு. இன்னும் என்னிடம்தான்."

அரசன் திரும்பினான். "உம்முடைய பங்கு எங்கே, விசயங்கொண்டாரே?"

அவர் ஓலைகளை மறுபடியும் எண்ண ஆரம்பித்தார். செட்டியார் தயங்கினார். துண்டுக்கடியில் நடந்ததை வெளியே சொல்வது அந்தத் தெருவில் பெரிய குற்றம். ஆனாலும் சொன்னார்: "தை இருபதாம் நாள் விற்றார், மன்னா. முதன்முதலில் விற்றவர் அவர்தான், வாங்கியவன் நான். கருவூலத் தலைவரே விற்கிறார், ஏதோ சேதி தெரிந்திருக்கிறது என்று மறுநாள் நானும் தள்ளிவிட்டேன்."

"என்ன சேதி வந்தது உமக்கு?"

"ஒன்றுமில்லை, மன்னா" என்றார் விசயங்கொண்டார் மெதுவாக. "பயந்துவிட்டேன்."

"பயந்ததற்குத் தண்டனையில்லை. பிறர் பயந்ததற்குக் கழுமரம் கேட்டீரே, அதற்கு உண்டு. இன்றிலிருந்து நெசவாளர் தெருவில் உம் களஞ்சியத்து நெல்லை உம் கையாலேயே அளந்து போடும்." பிறகு அமைச்சரைப் பார்த்தான். "கேள், பெருங்காரி. ஊர் வேண்டுமா, பொன் வேண்டுமா?"

"கப்பல் வரும் காலம் முடிந்ததென்று மாசிக் கடைசியில் கலங்கரை விளக்கை அணைத்துவிடுவார்கள். இந்த வருடம் சித்திரை முடியும்வரை எரியட்டும், மன்னா."

அரசன் பாக்கைத் துப்பிவிட்டு, தலையசைத்தான்.

மாசி இருபத்திரண்டாம் நாள் ஆறு கப்பல்கள் ஒன்றாகத் துறைசேர்ந்தன. அரண்மனைக்குக் கற்பூரம் போயிற்று. பங்கு நூற்றிருபதுக்கு ஏறியது. சாத்தையச் செட்டியார் அமைச்சர் வீட்டுக்கு வந்து, ஏழாவது கப்பலின் பங்குகளை முழு விலைக்கு எடுத்துக்கொள்வதாகத் துண்டை விரித்தார்.

"அவை விற்பதற்கில்லை, செட்டியாரே" என்றார் பெருங்காரியார்.

ஏழாவது கப்பல் வராமலே தாரண வருடம் பிறந்தது; வைகாசி முதல் நாள் விளக்கை அணைத்தார்கள். அன்று ஒரு கலம் நெல் பழையபடி ஒரு பொன்னுக்கு விற்றது.