எஸ்தர் டீச்சர் சொன்ன பொய்கள்

சத்தம்தான் முதலில் வந்தது. உப்பளத்துப் பாதை இன்னும் திரும்பவில்லை, பள்ளிக்கூடம் கண்ணில் படவில்லை. அதற்குள் பிள்ளைகளின் குரல் ஒரே ராகமாகக் காற்றில் வந்தது.

"ஐ வேக் அப் அட் சிக்ஸ். ஐ டிரிங்க் மில்க்."

எஸ்தர் டீச்சர் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்தபோது மூன்றாம் வகுப்பு வாசலில் தங்கராசு சார் நின்றிருந்தார். வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு படித்து வாத்தியார் ஆனவர். தன் வயதில் பாதி உள்ள எஸ்தரிடம் தொழில் கற்றுக்கொள்வதில் அவருக்கு வெட்கம் கிடையாது.

"நல்லா சொல்லுதாங்களே சார்."

"ஒருத்தியைத் தவிர."

ஜன்னலோரம் இருந்த சிறுமியைக் காட்டினார்.

"மாரிக்கனி. சிம்பிள் பிரசன்ட் ஆரம்பிச்சதுலேர்ந்து வாயே திறக்க மாட்டேங்கா. இந்த வாரமும் பேசலைன்னா ரெண்டாம் வகுப்புல உட்கார வச்சிருங்கன்னு ஹெச்.எம். சொல்லிட்டாங்க. கீழ உட்கார வச்சா அவ பள்ளிக்கூடத்துக்கே வர மாட்டா. நான் என்ன செய்யட்டும் டீச்சர்?"

டீச்சர் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஐ கம் டு ஸ்கூல் ஆன் மை எலிஃபன்ட்" என்றார்.

வகுப்பு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. கடைசி வரிசையில் ஒருவன் மெல்ல எழுந்தான்.

"நோ டீச்சர். யூ கம் பை ஸ்கூட்டி."

"அப்படியா? ஐ ஈட் ஸ்டோன்ஸ்."

"நோ டீச்சர். யூ ஈட் பூரி."

"தங்கராசு சார் டான்ஸஸ் எவ்ரி டே."

"நோ" என்று வகுப்பே கத்தியது. "சார் ஸ்லீப்ஸ். ஆஃப்டர் லஞ்ச் சார் ஸ்லீப்ஸ்."

தங்கராசு சார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பினார். குரலில் மாற்றமில்லை.

"மாரிக்கனி'ஸ் மதர் ஸ்லீப்ஸ் டில் டென்."

மாரிக்கனி தலையைத் தூக்கினாள்.

"மாரிக்கனி ஸ்லீப்ஸ் டில் நைன்."

பெஞ்சு நகர்ந்தது. அவள் எழுந்துவிட்டாள். காது மடல் சிவந்திருந்தது.

"நோ."

வகுப்பு அவளைத் திரும்பிப் பார்த்தது.

"மை மதர் கோ சால்ட். த்ரீ ஓ கிளாக். நோ சன். ஷி கோ." மூச்சு வாங்கினாள். "ஐ குக். ஐ வாஷ் மை பிரதர். நோ மில்க். ஐ டிரிங்க் கஞ்சி. ஐ கம் ஸ்கூல். எவ்ரி டே ஐ கம்."

'கோ' இல்லை, 'கோஸ்' என்று எழுதத் தங்கராசு சாரின் சாக்பீஸ் கரும்பலகை வரை போனது. எஸ்தர் டீச்சர் அவரைப் பார்த்தார். சாக்பீஸ் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"மை மதர் ஆல்சோ" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "மை ஃபாதர் டிரைவ்ஸ் லாரி" என்றான் ஒருவன். "ஹி ஸ்நோர்ஸ்" என்றான் அவனோடு இரட்டையாகப் பிறந்த தம்பி. பிறகு யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை. மாரிக்கனியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. சத்தம் கேட்டு வந்த ஹெச்.எம். வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்.

"இதுவா பேசாத பிள்ளை?" என்று கேட்டார். "இங்கேயே இருக்கட்டும்." அவர் போய்விட்டார்.

சாயங்காலம் எஸ்தர் டீச்சர் மறுநாளைக்காகப் பிள்ளைகளின் பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்தார். தங்கராசு சார் எதிரே வந்து உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. ஆனாலும் ஏதோ உறுத்தியது.

"டீச்சர், ஒண்ணு கேட்கலாமா?"

"கேளுங்க சார்."

"பிள்ளைங்க முன்னாடி இத்தனை பொய் சொல்லலாமா?"

டீச்சர் பிளேடைக் கீழே வைத்தார்.

"நான் சொன்ன பொய்யை மறுத்துப் பேச அவளுக்கு இடம் இருந்துச்சு சார். ஆறு மணிக்கு எந்திரிக்கேன், பால் குடிக்கேன்னு நீங்க அவளைச் சொல்லச் சொன்னீங்களே, அதை அவ எப்படி மறுப்பா?"

தங்கராசு சார் முனை மழுங்கிய ஒரு பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினார்.