தளபதி சூரப்பர் பாட்டும் விருந்துக் கிடாவும்

ஓணாங்குறிச்சி சமஸ்தானத்தில் முந்நூறு பேர் கொண்ட பட்டாளம் ஒன்று இருந்தது. சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்வதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. "கண்ணை மூடிக்கிட்டு முன்னேறுங்கடா" என்று ஒருமுறை தளபதி ஆவேசப்பட்டதில், முந்நூறு பேரும் நேராக எல்லைக் குளத்துக்குள் இறங்கினார்கள். பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. நல்லவேளை, குளத்தில் தண்ணீரும் கிடையாது.

தளபதி பெயர் சூரப்பர். போர்க்களத்தைக் கண்ணால் கண்டதில்லை, ஆனால் மார்பில் பதினொரு பதக்கம். பன்னிரண்டாவதைக் குத்த இடமில்லாததால், அறுபதாம் பிறந்தநாளுக்குத் தன் பேரில் ஒரு அணிவகுப்புப் பாட்டு வேண்டும் என்றார்.

அந்த வேலை பேண்டு மாஸ்டர் அடைக்கலத்தின் தலையில் விழுந்தது. மனுஷன் மூன்று மாதம் சோறு தண்ணி மறந்து பாட்டுப் போட்டார். முதல் சரணம் சுமார்தான், அவருக்கே தெரியும். ஆனால் இரண்டாம் சரணம் இருக்கிறதே, அதில் கிளாரினெட் உச்சிக்கு ஏறி, ஒரு நொடி நின்று, அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கும். அந்த இறக்கம் நினைவுக்கு வந்தால் அடைக்கலம் நடுத்தெருவிலும் நின்றுவிடுவார். முழு பேண்டும் சேர்ந்து அதை வாசிக்க, சாவதற்குள் ஒருதரம் காதால் கேட்டுவிட வேண்டும். வேறு ஆசையே அவருக்குக் கிடையாது.

ஒத்திகைக்கு முதல்நாள் சூரப்பர் ஒரு உத்தரவு போட்டார். அதை மைதானத்துச் சுவரில் ஒட்டினார்கள். "இந்தப் பட்டாளத்துச் சோற்றைத் தின்கிற ஒவ்வொருவனும், தளபதி பாட்டு காதில் விழுந்த உடனே செய்கிற வேலையை விட்டுவிட்டு, விறைப்பாக நின்று சல்யூட் அடிக்க வேண்டும். பாட்டு முடியும்வரை கை இறங்கக் கூடாது."

மறுநாள் காலை எட்டு மணிக்கு ட்ரம்காரன் சோணமுத்து முதல் அடி அடித்தான். டம். முந்நூறு பேரும் சல்யூட். கிளாரினெட்டைக் கீழே போட்டுவிட்டு அந்த ஆளும் சல்யூட். சோணமுத்து குச்சியோடு சல்யூட் வைத்ததில் நெற்றி புடைத்தது. பாட்டு அதோடு நின்றது.

"பாட்டு முடிஞ்சுதா, சுபேதாரய்யா?" என்றான் சோணமுத்து.

உத்தரவுகளுக்கு அர்த்தம் சொல்வது சுபேதார் வைரப்பனின் பொறுப்பு. அவர் நெற்றியில் வைத்த கையோடு யோசித்தார். "முடியலை. நின்னிருக்கு."

"அப்ப யாராவது மிச்சத்தை வாசிச்சு முடிக்கணுமே."

"முடிக்கத்தான் வேணும். யாருக்குக் கை ஒழியுது?"

மத்தியானம் ஒரு மணிவரை ஒரு கையும் இறங்கவில்லை. சமையல்காரர் கரண்டியோடு சல்யூட்டில் நிற்க, அடுப்பில் குழம்பு தீய்ந்தது. கடைசியில், பிறந்தநாள் விருந்துக்காக வாங்கிக் கட்டியிருந்த கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து பெரிய ட்ரம்மை ஒரு முட்டு முட்டியது.

"அதுதான் முடிவு அடி," என்று வைரப்பன் தீர்ப்புச் சொன்னார். "கிடா தழைதானே தின்னுது, நம்ம சோத்தைத் தின்னலையே. அதனால அது வாசிக்கலாம்."

அடுத்த நாளும் டம். அடுத்த நாளும் கிடாதான் காப்பாற்றியது.

அடைக்கலம் தளபதியிடம் ஓடினார். "ஐயா, வாத்தியக்காரங்க பத்துப் பேருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தீங்கன்னா..."

"பத்துப் பேர் எனக்கு மரியாதை தர மாட்டீங்களா?" என்றார் சூரப்பர். "வெள்ளிக்கிழமை என் பிறந்தநாளுக்குப் பாட்டு நடக்கலைன்னா பேண்டைக் கலைச்சுட்டு, உங்களை லாயத்துல குதிரை லத்தி அள்ள விட்டுடுவேன்."

சோணமுத்துவுக்கு ஒரு யோசனை வந்தது. "சோறு தின்னாத்தானே உத்தரவு? தின்னாம இருப்போம்." பேண்டுக்காரர்கள் பத்துப் பேரும் மூன்று நாள் பட்டினி கிடந்தார்கள். மூன்றாம் நாள் குச்சியை ஓங்கிய சோணமுத்து ஓங்கிய வாக்கிலேயே பின்னால் சாய்ந்தான். கஞ்சி ஊற்றி எழுப்பினார்கள். கஞ்சி பட்டாளத்துக் கஞ்சி என்பதால் உத்தரவு மறுபடி ஒட்டிக்கொண்டது.

"நம்ம சோத்தைத் தின்னாத பேண்டு பக்கத்துல எங்க இருக்கு?" என்று கேட்டார் வைரப்பன்.

"கீரிவலசுல இருக்கு," என்றார் அடைக்கலம். "ஆனா அவங்க நம்ம எதிரியாச்சே." தண்ணீரில்லாத அந்தக் குளத்துக்காக மூன்று வருஷமாகக் கீரிவலசோடு சண்டை.

"எதிரி வாசிச்சா மரியாதை இன்னும் கூடத்தான்," என்றார் சூரப்பர். இசைக் குறிப்போடு கடிதம் போனது. வெள்ளி காலை பத்து மணிக்கு வரவும். கோட்டைக் கதவு திறந்திருக்கும். பாட்டு ஓடும்வரை எங்கள் ஆட்கள் ஆயுதத்தைத் தொட மாட்டார்கள். அவசரமில்லாமல் வாசிக்கவும்.

கீரிவலசுக்காரர்கள் என்றைக்கும் இல்லாத பண்போடு சம்மதித்தார்கள். வெள்ளிக்கிழமை இருநூறு பேர் வந்தார்கள். வாத்தியம் ஒன்பதுதான் இருந்தது. "ஏழைச் சமஸ்தானம், மாத்தி மாத்தி வாசிப்பாங்க போல," என்று இரக்கப்பட்டார் வைரப்பன்.

டம். முந்நூறு கைகளும் ஏறின. சூரப்பரும் அதே சோற்றைத் தின்பவர்தானே, தனக்குத் தானே சல்யூட் அடித்துக்கொண்டு நின்றார். முதல் சரணம் ஓடியது. அடைக்கலத்துக்குக் கண்ணில் தண்ணீர் கட்டியது.

"சுபேதாரய்யா, என் துப்பாக்கியை ஒருத்தன் எடுத்துக்கிட்டுப் போறான்," என்றான் ஒரு சிப்பாய்.

"போகட்டும். இன்னும் ஒரு சரணம் இருக்கு."

துப்பாக்கி போயிற்று, குதிரை போயிற்று, கஜானாச் சாவி போயிற்று. முதல் சரணம் முடிந்தது. கிளாரினெட்காரன் இரண்டாம் சரணத்துக்கு மூச்சை இழுத்தான். அந்த நேரம் பார்த்து எவனோ பிரியாணி அண்டாவைத் திறந்தான். வாசனை வந்ததும் வாத்தியங்களைப் போட்டுவிட்டு இருநூறு பேரும் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

தூக்கிய கையோடு நின்ற அடைக்கலம் கீரிவலசுத் தளபதியிடம் கெஞ்சினார். "கோட்டையை வச்சுக்கங்க ஐயா. எங்களைச் சிறையில போடுங்க. அந்த ரெண்டாம் சரணத்தை மட்டும் வாசிச்சுடுங்க."

வயிறு நிறைந்த மனுஷனுக்கு மனசு இளகியிருந்தது. எலும்பைத் துப்பிவிட்டு, "முதல்லேர்ந்து வாசிங்கடா, பாவம்," என்றார். அவருடைய ட்ரம்காரன் குச்சியை ஓங்கினான்.

"ஒரு சந்தேகம்," என்றார் வைரப்பன். "நீங்க இப்பச் சாப்பிட்டது எந்தப் பட்டாளத்துச் சோறு?"

கீரிவலசுத் தளபதி சுவரில் இருந்த உத்தரவை உரக்கப் படித்தார். அவர் ஊரிலும் பட்டாளம் என்றால் இதே லட்சணம்தான். இன்னொருதரம் படித்தார். முகம் வெளுத்தது. "உங்க சோறுதான்," என்றார்.

அதற்குள் குச்சி இறங்கிவிட்டது. டம்.

ஐந்நூறு கைகள் நெற்றிக்குப் போயின. பாட்டு மறுபடி அதோடு நின்றது.

"கவலைப்படாதீங்க மாஸ்டர்," என்று கிசுகிசுத்தான் சோணமுத்து. "இப்ப அந்தக் கிடா வந்துடும்."

அடைக்கலம் ஓரக்கண்ணால் காலி அண்டாவைப் பார்த்தார். "அதைத்தான்டா எல்லாரும் சாப்பிட்டிருக்காங்க," என்றார்.