ஆயிரத்து ஒம்பது பேய்க்குப் பந்தி

ரொம்ப நாளைக்கு முன்னாடி, மலையெல்லாம் இன்னும் குட்டியா இருந்த காலத்துல, பூவாயின்னு ஒரு சமையக்காரி இருந்தா. அவ புருஷன் சடையன் காட்டுக்கு விறகு வெட்டப் போனவன், ஒரு பூதத்தோட தொப்பையப் பாத்துச் சிரிச்சுட்டான். பூதம் அவன ஆட்டுக்கல்லா மாத்திப்புடுச்சு. சிரிக்க வேற தொப்பையா கெடைக்கல அந்த மனுஷனுக்கு?

பூவாயி நேரா அந்தப் பூதத்தோட குகைக்கே போயிட்டா. "பூதத்தண்ணே, எம் புருஷனக் குடு!"

"குடுக்கறேன் புள்ள. எங்கிட்ட ஆயிரத்து ஒம்பது பேய் இருக்கு. ஒரு முனிவரோட சாபத்துல அத்தனையும் பட்டினி. பந்தியில எல்லா வரிசையும் சமமா இருக்கணும். ஒண்ணு மிஞ்சினாலும் சோறு மண்ணாயிடும். ஒரே வரிசையாவும் உக்காரக் கூடாது, ஆளுக்கொரு வரிசையாவும் கூடாது. சாப்பிட வெச்சிட்டா உம் புருஷன் உனக்கு. தோத்தா அவன் ஆட்டுக்கல்லு, நீ குழவி. ஜோடிப் பொருத்தம் எப்புடி?"

பூவாயி சமைச்சா. வாசனையில குகையே ஆடுச்சு.

வரிசைக்கு ஏழு ஏழா உக்கார வெச்சா. ஒண்ணு மிஞ்சுச்சு! சோறு மண்ணு. அவ பாதம் கல்லாச்சு.

மறுபடி சமைச்சா, எட்டு எட்டா உக்கார வெச்சா. ஒண்ணு மிஞ்சுச்சு! சோறு மண்ணு. முட்டி வரைக்கும் கல்லு.

மறுபடி சமைச்சா, ஒம்பது ஒம்பதா உக்கார வெச்சா. ஒண்ணு மிஞ்சுச்சு! இடுப்பு வரைக்கும் கல்லு.

"அடப்பாவி ஆயிரத்து ஒம்பதே!"ன்னு பல்லக் கடிச்சா பூவாயி. "எப்புடிப் பிரிச்சாலும் பிரிய மாட்டேங்குற. நீ எம் மாமியாரை விடப் பிடிவாதமா இருக்கியே!"

"அந்த மிஞ்சினத வெரட்டி விட்டுட்டா சரியாயிடும்ல?"ன்னுச்சு பக்கத்துல ஒரு பேய்.

"பசிச்சு வந்தத வெரட்டவா? எங்கையால ஆகாது."

அப்பதான் பாத்தா. பூதம் சாம்பார் வாளியோட நின்னு எச்சில் முழுங்கிட்டு இருந்துச்சு. பரிமாறுற ஆள யாரு கணக்குல சேக்கறா? இவளும்தான் சேக்கல.

"அண்ணே, நீ சாப்ட்டியா?"

பூதம் முழிச்சுச்சு. "இத்தன வருஷத்துல என்னை யாரும் கேட்டதில்லயே!"

"வாளிய எங்கிட்ட குடு. நீயும் உக்காரு."

பூதம் உக்காந்துச்சு. இப்ப ஆயிரத்துப் பத்து. வரிசைக்குப் பத்து, நூத்தியொரு வரிசை. ஒண்ணும் மிஞ்சல!

மூணு தரம் அடம்புடிச்ச எண்ணு, ஒரு ஆளக் கூட்டினதும் வழிக்கு வந்துருச்சு. மண்ணாக் கெடந்த சோறு மறுபடி சோறாச்சு. பூவாயி காலு காலாச்சு. ஆட்டுக்கல்லு சடையனா எந்திரிச்சு, "எனக்கு இலை எங்க?"ன்னு கேட்டான்.

பூதம் அழுதுகிட்டே மூணு கவளம் உள்ள தள்ளுச்சு. "தங்கச்சி, சாபத்த நீக்குனதுக்கு நன்றி. அத விட, 'சாப்ட்டியா'ன்னு என்னைக் கேட்டதுக்கு நன்றி. இனிமே உன் வீட்டுப் பானையில சோறு கொறையாது."

கொறையவும் இல்ல. அவங்க நல்லா இருந்தாங்க, பேயெல்லாம் ஏப்பம் விட்டுச்சு, கேட்ட நீங்களும் வயிறு நெறைஞ்சு வாழுங்க.