சம்பங்கி மாலைக்கு நடுவே

தணிகாசலத்துக்கு அறுபத்திரண்டு வயது. அவருக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்த பிலோமினாவுக்கு முப்பத்து நான்கு. வயதில் மகள் மாதிரிதான். ஆனாலும் அவர் ‘டீச்சர்’ என்று கூப்பிடுவார், அவள் ‘சார்’ என்பாள். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் இல்லை.

ஊரில் எந்தச் சுவரில் ஓவியம் வரைந்திருந்தாலும் பிலோமினா அங்கே போய் நிற்பாள். அந்தப் பக்கம் வருகிற யாரையாவது நிறுத்திப் பேச்சுக் கொடுப்பாள். பேச்சு முடிவதற்குள் ஒரு படம் எடுத்திருப்பாள். எல்லாரும் முன்பின் தெரியாதவர்கள்.

அவளிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு.

“எடுத்த படத்தை முதல்ல அவங்ககிட்ட காட்டணும் சார். அப்புறம்தான் மத்தவங்களுக்கு.”

“ஏன் டீச்சர்?”

“காட்டிப் பாருங்க, தெரியும்.”

தணிகாசலம் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காரணம் சொல்லாத சட்டம் அவருக்குப் பிடிப்பதில்லை. இருந்தாலும் தலையாட்டி வைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை இருவரும் காசிமேட்டுக்குப் போனார்கள். பேருந்து நிறுத்தத்தை ஒட்டி நீளமான சுவர். கல்லூரிப் பிள்ளைகள் ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்திருந்தார்கள். திமிங்கலம் ஒன்று, பட்டம் விடும் பெண் ஒருத்தி, கடைசியில் தரையைத் தொடுகிற மாதிரி ஒரு பெரிய சம்பங்கி மாலை. மாலைக்கு நடுவே நீலத்தின் மேல் ‘வருக’ என்று எழுதுவதாக இருந்ததாம். அதற்குள் பெயின்ட் தீர்ந்துவிட்டது.

அந்த இடத்தில்தான் அங்கம்மா முக்காலி போட்டு இறால் விற்றுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்றார் தணிகாசலம்.

“என்னையா? எம் மூஞ்சில இன்னா கீது?”

“நல்ல முகம்மா.”

அவள் சிரித்துவிட்டாள். “எடு சார், எடு. எம் புள்ள பாத்தா சந்தோசப்படுவான். அம்பத்தூர்ல கீறான். ஒரு கொரல் குடுத்தா போதும், போட்டது போட்டபடி ஓடியாந்துருவான்.”

மகனைப் பற்றிச் சொல்லும்போது தானாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். தணிகாசலம் அழுத்தினார்.

முகம் மாலைக்கு நடுவில் கச்சிதமாக விழுந்திருந்தது. வெள்ளைப் பூ, பின்னால் நீலம், கறுத்த முகத்தில் அத்தனை பெருமை. கேமராவைப் பிடித்த நாளிலிருந்து இப்படி ஒரு படம் அவருக்கு வாய்த்ததில்லை. காட்டலாம் என்று நிமிர்ந்தார். அதற்குள் பேருந்திலிருந்து இறங்கிய நாலு பேர் கூடையைச் சூழ்ந்துவிட்டார்கள். நாளைக்குக் காட்டிக்கொண்டால் போகிறது.

திரும்பி வரும் வழியிலேயே, படம் எடுக்கக் கற்றுக்கொள்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டார். பதினாறு பேர் பிரமாதம் என்றார்கள். குடும்பக் குழுவிலும் போட்டார். புனேயில் இருக்கும் மகளிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. இரண்டு வருடமாக அவளிடமிருந்து வருவது கட்டைவிரல் மட்டும்தான். அவள் பேச்சு வந்தால், “வேலை ஜாஸ்தி, டீச்சர்” என்பார்.

படம் கை மாறிக்கொண்டே போனது. யாரோ ஒருவர் ஸ்டேட்டஸில் வைத்தார். இன்னொருவர் கூடையை வெட்டிவிட்டு முகத்தையும் மாலையையும் மட்டும் வைத்துக்கொண்டார். சாயந்திரத்துக்குள் அதன் கீழே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று இரண்டு சொல் சேர்ந்திருந்தது. சேர்த்தவரைச் சொல்லிக் குற்றமில்லை. மாலைக்கு நடுவே முகம் இருந்தால் நம் ஊரில் வேறென்ன அர்த்தம்?

மறுநாள் காலை தணிகாசலம் படத்தைப் பிரிண்ட் போட்டு ஓர் உறையில் வைத்து எடுத்துக்கொண்டு பிலோமினாவோடு வந்தார். சுவருக்கு முன்னால் ஒரு வேன் நின்றது. ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். முன்னால் வந்த பெண் அங்கம்மாவைப் பார்த்ததும் அலறிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கம்மாவின் தங்கை வடிவு. பழவேற்காட்டிலிருந்து வருகிறாள்.

“ஏன்டி மாரடிச்சிக்கினு வர்ற? யாருடி பூட்டாங்க?” என்றாள் அங்கம்மா.

“நீதான்க்கா!”

அங்கம்மாவின் கையிலிருந்த தராசு அப்படியே நின்றது. வடிவு எழுந்து வந்து அக்காவின் கன்னத்தையும் தோளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு செல்போனை நீட்டினாள்.

“வூடு பூட்டிக் கெடந்துச்சு. இங்க கேட்டா தெரியும்னு வந்தோம்க்கா.”

அங்கம்மா தன் அஞ்சலியைத் தானே பார்த்தாள். கூட வந்தவர்களில் ஒருவர் கையில் நிஜமான சம்பங்கி மாலை இருந்தது. அவர் அதை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“உசுரோடதான்டி கீறேன்!” என்று அங்கம்மா உரக்கச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். வடிவு மட்டும் சிரிக்கவில்லை.

“ஐயோ, எம் புள்ளயும் இத்த பாத்துருப்பானே! கொழந்த பயந்து பூட்டிருப்பான். பின்னால வர்றானா?”

வடிவு வேனைப் பார்த்தாள்.

“வர்றானாடி?”

“வுடுக்கா. அதான் நல்லா கீறியே.”

“சொல்லுடி.”

“நேத்து சாயந்திரமே நான் போன் போட்டேன்க்கா. பாத்தேன் சின்னம்மா, லீவு கெடைக்காது, நீங்களே பாத்து முடிச்சுடுங்கன்னான்.”

தணிகாசலத்துக்குக் கையிலிருந்த உறையை என்ன செய்வதென்று தெரியவில்லை. பேருந்து ஒன்று வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது.

“யாரு எடுத்தது?” என்றாள் அங்கம்மா.

“நான்தாம்மா.” குரல் அவருக்கே கேட்கவில்லை. உறையை நீட்டினார்.

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். மகனைப் பற்றிச் சொன்னபோது நிமிர்ந்த அதே முகம்.

“நல்லாத்தான் கீது,” என்று திருப்பிக் கொடுத்தாள். “ஃபிரேம் போட்டுக் குடு சார். நான் போற அன்னிக்கு அவனுக்கு அந்த வேலயும் இருக்கக் கூடாது.”

கூடையை ஈரச் சாக்கால் மூடினாள். பாதி இறால் விற்காமல் இருந்தது. ஒரு பக்கம் அவள் பிடிக்க, இன்னொரு பக்கம் தங்கை பிடிக்க, வேனில் ஏறிப் போய்விட்டார்கள். முக்காலியை எடுக்க மறந்துவிட்டாள்.

தணிகாசலம் பிலோமினா பக்கம் திரும்பினார்.

“நான் என்ன டீச்சர் பண்ணேன்? சத்தியமா சாவு மாலைன்னு தோணலை. கலரைத்தான் பாத்தேன்.”

பிலோமினா காலியாகக் கிடந்த முக்காலியைப் பார்த்தாள்.

“நேத்தே காட்டியிருந்தா அந்தம்மா சொல்லியிருக்கும். ஒத்துக்கறேன். ஆனா மகன் வராததுக்கு நானா பொறுப்பு? ஒரு படம்தானே டீச்சர்?”

“அங்க உக்காருங்க சார்.”

“எங்க?”

அவள் முக்காலியைக் காட்டினாள்.

அவர் போய் உட்கார்ந்தார். சுவரின் குளிர்ச்சி முதுகில் பட்டது. அவள் கேமராவை எடுக்கவில்லை, செல்போனைத்தான் எடுத்தாள். ஒரே ஒரு படம். நேராக அவரிடம் வந்து திரையைத் திருப்பிக் காட்டினாள்.

நரைத்த தலை. பொட்டில்லாத நெற்றி. சுற்றிலும் சம்பங்கி. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

“உங்ககிட்ட காட்டியாச்சு,” என்றாள் பிலோமினா. “அடுத்தது புனேவுக்கு அனுப்பட்டுமா சார்?”